செவ்வாய்க்கிழமை வெந்நீர்

கார்குழலி அழமாட்டாள். அதை ஊரெல்லாம் சொல்லிப் பெருமை அடித்துக்கொண்டவள் நான்தான். அதனால் இதில் முதல் குற்றவாளி யார் என்று நீங்கள் தேடி அலைய வேண்டாம். முன்னாடியே சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் இருதயம்மாள். ராயபுரம். ஐம்பத்து மூன்று வயது. படுத்த படுக்கையாய்க் கிடப்பவர்களை வீட்டுக்கே போய்ப் பார்க்கிற ஒரு டிரஸ்டில் உதவியாளர் வேலை. நர்ஸ் இல்லை, நர்ஸின் பையைத் தூக்குகிறவள். கார்குழலிதான் நர்ஸ். புண்ணைக் கழுவிக் கட்டுவது, மூத்திரக் குழாய் மாற்றுவது, வலி மாத்திரையை எண்ணிக் கொடுப்பது எல்லாம் அவள் வேலை. நோயாளியைப் புரட்டிப் பிடிப்பது, துணி மாற்றுவது, வீட்டில் இருப்பவர்களைத் திட்டுவது இதெல்லாம் என் வேலை. துரையின் ஆட்டோவில் காலையில் ஏறினால் காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எர்ணாவூர் என்று சாயங்காலம் வரை பத்துப் பன்னிரண்டு வீடு. நடுவில் கண்டெய்னர் லாரிகள் வழி விட்டால் உண்டு.

கார்குழலி வியாசர்பாடிக்காரி. முப்பத்து நாலு வயது. கணவன் பகலவனுக்குப் பெரம்பூர் ரயில் பட்டறையில் வேலை. மகள் மகிழினி எட்டாவது படிக்கிறாள். ஹவுசிங் போர்டில் மூன்றாவது மாடி, கூடத்துச் சுவரில் ஒரு புத்தர் படம், அதற்குக் கீழே மகிழினி கேரமில் ஜெயித்து வாங்கிய கோப்பைகள். கொரோனா சமயத்தில் கார்குழலி ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஐ.சி.யூ. நர்ஸாக இருந்திருக்கிறாள். அதைப் பற்றி நாலு வருஷத்தில் ஒரே ஒரு தடவைதான் வாயைத் திறந்தாள். "அப்ப பேரு கேக்கறதையே வுட்டுட்டேன்கா. பெட் நம்பரோட சரி" என்றாள். நான் மேலே கேட்கவில்லை.

அவளுக்கு முன்னால் வந்த சின்னப் பெண்களை எல்லாம் நான் பார்த்திருக்கிறேன். முதல் சாவுக்கு ஆட்டோவில் உட்கார்ந்து மூக்கைச் சிந்தும். இரண்டாவது சாவுக்கு லீவு போடும். மூன்றாவதுக்கு வேலையை விட்டுவிடும். ஒவ்வொன்றையும் தேற்றித் தேற்றி எனக்கே தலைவலி வந்ததுதான் மிச்சம். கார்குழலி அப்படி இல்லை. உயிர் போனதும் நேரம் பார்ப்பாள், குழாய்களை எடுப்பாள், தாடையைத் துணியால் கட்டுவாள், கால் கட்டைவிரல் இரண்டையும் சேர்த்துக் கட்டுவாள், கையைக் கழுவிக்கொண்டு, "போலாமாக்கா?" என்பாள். சுற்றி நாற்பது பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு அழுவார்கள். அவள் முகத்தில் ஒரு சுருக்கம் விழாது. எங்கள் டாக்டரம்மா நீலாவிடம் நானே சொல்லியிருக்கிறேன், "இவ ஒருத்தி போதும் டாக்டர், கல்லு மாதிரி நிப்பா" என்று. அந்த நாக்கைப் பிடுங்கிப் போட்டால் என்ன என்று இப்போது தோன்றுகிறது.

எங்கள் வேலை கார்டை வைத்து நடக்கும். ஒரு நோயாளிக்கு ஒரு மஞ்சள் கார்டு. திங்கள் வீடுகள் ஒரு கட்டு, செவ்வாய் வீடுகள் ஒரு கட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு ரப்பர் பேண்டு. காலையில் கட்டைப் பிரித்து வரிசையாகப் போக வேண்டியதுதான். கார்டின் கடைசியில் இரண்டு கேள்வி இருக்கும். நோயாளிக்கு இல்லை, அவரைப் பார்த்துக்கொள்கிறவருக்கு. தூங்கினாரா? சாப்பிட்டாரா? டாக்டரம்மா கொண்டுவந்தது அது. படுத்திருப்பவரைவிடப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் முதலில் விழுந்துவிடுகிறார் என்பது அவர் கணக்கு. கார்குழலி தலை நிமிராமல் கேட்பாள், "தூங்கினியாமா, சாப்ட்டியாமா" என்று இரண்டும் ஒரே மூச்சில். ஆமாம் என்று பதில் வருவதற்குள் பேனா டிக் அடித்திருக்கும்.

அந்தக் கேள்விக்கு ஒழுங்காகப் பதில் சொன்ன ஒரே ஆள் மலர்க்கொடிதான். திருவொற்றியூர் குப்பத்தில் அவள் வீடு. மீன் விற்கிறவள். கணவன் ரகுபதி லாஞ்சில் மீன்பிடிக்கப் போய்க்கொண்டிருந்த மனுஷன், வாயில் புற்றுநோய் வந்து பதினாலு மாசமாகப் படுக்கை. செவ்வாயும் சனியும் அவருக்கு எங்கள் முறை. துரையின் ஆட்டோவுக்கு சைலன்சர் ஓட்டை. டீக்கடை முனையில் திரும்பும்போதே குப்பம் முழுக்கக் கேட்கும். அந்தச் சத்தம் கேட்டதும் மலர்க்கொடி அடுப்பைப் பற்றவைத்துவிடுவாள். நாங்கள் செருப்பைக் கழற்றி, பையைப் பிரித்து, கையுறை போடுவதற்குள் குண்டானில் வெந்நீர் வந்துவிடும். பதினாலு மாசத்தில் ஒரு நாள்கூட நாங்கள் கேட்டு வாங்கியதில்லை. கார்குழலி அந்த இரண்டு கேள்வியைக் கேட்டால் மலர்க்கொடி உட்கார்ந்துவிடுவாள். "எங்க சிஸ்டரு தூங்கறது? ராத்திரி ரெண்டு தபா அவருக்கு மூச்சு அடைச்சிகிச்சி. காத்தால ஒரு இட்லி துன்னேன், அதுவும் எறங்கல. பொய் சொல்லி இன்னா ஆவப்போவுது, நீயே சொல்லு" என்பாள். கார்குழலி அதற்கும் டிக் அடிப்பாள்.

ஆறு மாசமாகவே எனக்குத் தெரியும். ஏதோ சரியில்லை. ஒரு நாள் பக்கவாதம் வந்த ஒருவருக்கு விளங்காத கையில் பிரஷர் பார்க்கிற பட்டையைச் சுற்றிவிட்டு, ரொம்ப நேரம் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான்தான் கழற்றி இந்தப் பக்கம் கட்டினேன். இன்னொரு நாள் மத்தியானம் எர்ணாவூரில் ஒரு மர நிழலில் டப்பாவைத் திறந்து தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்த எனக்கு நாற்றம் குடலைப் பிடுங்கியது.

"ஏய், ஊசிப்போச்சிடி அது. துப்பு."

"அப்படியா?" என்றாள். டப்பாவைப் பார்த்தாள். அப்புறம் மிச்சத்தையும் சாப்பிட்டு முடித்தாள்.

மகிழினி கேரம் போட்டியில் ஜில்லா முழுக்க முதலாவதாக வந்த அன்று பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்தது. ஆட்டோ சத்தத்திலும் அந்தப் பிள்ளை கத்துவது எனக்குக் கேட்டது. "சரி" என்றாள் கார்குழலி. நோயாளி இறந்துவிட்டார் என்று போன் வந்தாலும் அதே "சரி"தான்.

"உனுக்கு இன்னாடி ஆச்சி? தூக்கம் கீக்கம் வர்தா இல்லியா?"

"படுக்கறேன்கா."

"நான் கேட்டது தூக்கம்."

லாரிகளை எண்ணுகிற மாதிரி வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

இதெல்லாம் போகட்டும். ஒரு தடவை, ஒரு வீட்டுக்குக் கொடுக்கவேண்டிய மார்பின் அட்டையை வேறு வீட்டில் வைத்துவிட்டு இறங்கினாள். அது விளையாட்டு மாத்திரை இல்லை. புற்றுநோய் வலிக்குக் கொடுப்பது, எண்ணி வைத்து எண்ணி வாங்குவது. படியில் இறங்கும்போது எனக்கு என்னமோ உறுத்தி, திரும்பிப் போய் எடுத்து வந்தேன். அன்றே டாக்டரம்மாவிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. சொன்னால் இவளை வீட்டில் உட்காரவைத்துவிடுவார்கள், புதுசாக ஒரு சின்னப் பெண் வரும், அது ஆட்டோவில் உட்கார்ந்து அழும், அதை யார் தேற்றுவது? இவ்வளவுதான் என் யோசனை. அவள் மேல் இருக்கிற பாசத்தில் மறைத்தேன் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். ஆனால் அது பொய். அழாத நர்ஸ் எனக்கு வசதியாக இருந்தாள். அவ்வளவு தூக்கக்கலக்கத்தில் அவள் யாரையாவது ஒரு நாள் கொன்றுவிடுவாளோ என்று பயந்துகொண்டேதான் மறைத்தேன்.

அந்தச் சனிக்கிழமை நான் லீவு. தங்கை மகளுக்கு எண்ணூரில் நிச்சயதார்த்தம். துரையின் ஆட்டோவும் எஃப்.சி. பரிசோதனைக்குப் போயிருந்தது. கார்குழலி ஏதோ வாடகை ஆட்டோவைப் பிடித்துத் தனியாகப் போய்விட்டு வந்திருக்கிறாள். திங்களும் நான் வரவில்லை. செவ்வாய் காலை மூன்று பேரும் பழையபடி கிளம்பினோம்.

"சனிக்கெழம இன்னாடி விசேஷம்?"

"ஒண்ணுமில்லக்கா."

இரண்டு வீடு முடித்துப் பத்தரை மணிக்குத் திருவொற்றியூர் குப்பத்துக்குள் திரும்பினோம். ரோடு முழுக்கச் சாமந்தியும் பன்னீர் ரோஜாவும் காய்ந்து நசுங்கிக் கிடந்தன. வெடிக் காகிதம் கடல் காற்றில் பறந்துகொண்டிருந்தது.

"யாரோ பெரிய ஆளு போய்க்கீறாரு போல" என்றான் துரை.

"எந்த வூட்டு சாவோ" என்றேன் நான். கார்குழலி கட்டைப் பிரித்து அடுத்த கார்டை எடுத்தாள்.

குழாயடியில் ஒரு அம்மாள் எங்களைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் இருந்தவளிடம், "செவ்வாக்கெழமைல வந்துகினு கீறாங்க பாரு, ஒரு இது வோணாம்?" என்றாள். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. வாராவாரம் செவ்வாய்க்கிழமைதானே வருகிறோம், இன்றைக்கு மட்டும் இவளுக்கு என்ன வந்தது என்று முறைத்துவிட்டு உள்ளே போனேன். செவ்வாய்க்கிழமை துக்கம் கேட்கப் போகமாட்டார்கள் என்பது எனக்கு அந்த நேரத்தில் தோன்றவே இல்லை.

கார்குழலி எனக்கு முன்னால் போய்த் தன் வழக்கமான பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். பையைத் திறந்தாள். பச்சைத் துணியை விரித்தாள். கத்தரி, பஞ்சு, டேப்பு. கையுறையை இழுத்துப் போட்டாள். சமையல் பக்கத்திலிருந்து மலர்க்கொடி வெந்நீர்க் குண்டானோடு வந்து, எப்போதும் வைக்கிற இடத்தில் வைத்தாள். எல்லாம் வழக்கம்போலத்தான் நடந்தது.

"அண்ணே, கொஞ்சம் இப்டி திரும்பு" என்றாள் கார்குழலி.

எதிரே கட்டில் இல்லை. அதைச் சுவரோடு நிமிர்த்திச் சாத்தியிருந்தார்கள். தரை கழுவிக் காய்ந்திருந்தது. மூலையில் ஒரு காமாட்சி விளக்கு, ஒரு சொம்புத் தண்ணீர். அதன் பின்னால் ரேஷன் கார்டுப் படத்தைப் பெரிதாக்கி மாட்டிய மாதிரி ரகுபதியின் முகம்.

"மலரு..." என்றேன்.

"சனிக்கெழம பதினோரு மணிக்குகா" என்றாள் மலர்க்கொடி. அவள் குரலில் குறை இல்லை, கோபம் இல்லை. "சிஸ்டருதான் கூட இருந்தாங்க. கொழாயெல்லாம் அவங்கதான் எடுத்தாங்க. தாடைய கட்டனதும் அவங்கதான். ஞாயித்துக்கெழம எடுத்தோம். நேத்து பால்."

"அப்பால இன்னாத்துக்குடி சுடுதண்ணி வச்ச?"

"ஆட்டோ சத்தம் கேட்டுச்சி. கை தானா போயி பத்த வச்சிருச்சி."

கார்குழலி கையுறை போட்ட இரண்டு கையையும் மேலே தூக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள், எதையும் தொட்டுவிடக்கூடாது என்று நர்சுகள் பிடிப்பார்களே அப்படி. மடியில் கிடந்த கார்டைக் குனிந்து பார்த்தாள். அவள் கையெழுத்துத்தான். சனி, 11.05, உயிர் பிரிந்தது. அப்படி எழுதினால் அந்தக் கார்டை முடிந்துபோன பெட்டியில் போட வேண்டும். அவள் செவ்வாய்க்கிழமைக் கட்டுக்குள் சொருகி, ரப்பர் பேண்டு போட்டுவிட்டிருக்கிறாள்.

"ஆமா. நான்தான் எழுதிக்கீறேன்" என்றாள். யாரோ எழுதியதைப் பார்த்துச் சொல்கிற மாதிரி.

நான் கார்டைப் பிடுங்கித் திருப்பினேன். பின்பக்கம் ஒரு வரி உண்டு. நோயாளி இறந்தால் மீதி மார்பின் மாத்திரைகளை எண்ணி வாங்கி, எத்தனை என்று அதில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அது காலியாக இருந்தது.

"மாத்தரய வாங்கனியாடி?"

அவள் என்னைப் பார்த்தாள்.

"மலரு, அவரு மாத்தர எங்க?"

மலர்க்கொடி முந்தானை முனையில் இருந்த முடிச்சை அவிழ்த்தாள். ரொம்ப இறுக்கமாக முடிந்திருந்தாள். பல்லால் கடித்து அவிழ்க்க வேண்டியிருந்தது. உள்ளே அட்டைகள் மடங்கிக் கசங்கி இருந்தன. அத்தனையையும் என் கையில் வைத்தாள்.

"மூணு நாளா முடிஞ்சி வச்சினு கீறேன்" என்றாள். "இன்னிக்கு செவ்வாக்கெழம. துக்கம் கேக்க ஒருத்தரும் வரமாட்டாங்க. பசங்களயும் வலய பாத்துட்டு வாங்கடான்னு அனுப்பிட்டேன். குந்தினு இருந்தேன். அப்பால ஆட்டோ சத்தம் கேட்டுச்சி."

அவள் அழவில்லை. கார்குழலியும் அழவில்லை. நான்தான் மாதாவே என்று அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டேன். இவள் மறந்ததால் அந்த மாத்திரை அங்கே இருந்தது. இவள் மறந்ததால்தான் இன்றைக்கு நாங்களும் அங்கே இருந்தோம். இதை நினைத்துச் சந்தோஷப்படுவதா, தலையில் அடித்துக்கொள்வதா? நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

அப்போது கார்குழலி பேனாவை எடுத்து, கார்டுக்காகக் கையை நீட்டினாள். "தூங்கினியாமா, சாப்ட்டியாமா?" என்றாள். செத்தவரின் கார்டில் அதை நிரப்பி என்ன பண்ணப்போகிறாள் என்று எனக்குப் புரியவில்லை. அவளுக்கும் புரிந்திருக்காது.

"இல்ல சிஸ்டரு. ரெண்டும் இல்ல" என்றாள் மலர்க்கொடி.

கார்குழலியின் பேனா டிக் அடிக்கவில்லை. கட்டத்துக்கு மேலே அப்படியே நின்றது.

நான் மலர்க்கொடியின் கையைப் பிடித்து என் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன். துரையை அனுப்பி அவள் மகன்களைக் கரையிலிருந்து கூட்டிவரச் சொன்னேன். டாக்டரம்மா அரை மணியில் வந்துவிட்டார். முதலில் மலர்க்கொடியோடு தனியாகப் பேசினார். மகன்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டு, அம்மாவை ஒரு நிமிஷம்கூடத் தனியாக விடக்கூடாது, மறுநாளே மனநல டாக்டரிடம் கூட்டிப்போக வேண்டும் என்று சொன்னார். பெரியவன் அங்கேயே சுவரில் சாய்ந்து ஓவென்று அழுதான்.

அப்புறம் வாசலில் வைத்து, கார்குழலியைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டே, எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். விளங்காத கையில் கட்டிய பட்டை, ஊசிப்போன சோறு, மாறிப்போன மாத்திரை, ஆறு மாசமும்.

கார்குழலி என்னைத் திரும்பிப் பார்த்தாள். "இத்தினி நாளு வாய மூடினு கீறியேக்கா. இன்னிக்கு மட்டும் இன்னா?" என்றாள். சண்டைக்குக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். அதற்கு அவள் என்னைச் செருப்பால் அடித்திருக்கலாம்.

டாக்டரம்மா அவளைத் திட்டவில்லை. "பையை இருதயம்மாகிட்ட கொடு கார்குழலி" என்று மட்டும் சொன்னார். அவளும் கொடுத்தாள்.

மூன்று மாசம் லீவு. பெரியாஸ்பத்திரியில் மனநலப் பிரிவுக்கு முதல் நாள் நானும் பகலவனும்தான் கூட்டிப்போனோம். அங்கே இருந்த டாக்டரிடம், "எனுக்கு ஒண்ணும் இல்ல சார், இவங்கதான் கூட்டினு வந்தாங்க" என்றாள். அவர் ஒரு மணி நேரம் பேசிவிட்டு மாத்திரை எழுதிக் கொடுத்தார். வாரம் ஒரு தடவை ஒரு அம்மாளிடம் பேசவும் நேரம் போட்டுக் கொடுத்தார். திரும்பி வரும்போது பஸ்ஸில் பகலவன் என்னிடம், "வூட்ல சரியாத்தான் கீறான்னு நெனச்சேன் யக்கா. சமைக்கறா, துவைக்கறா, பேசறத்துக்குப் பதில் சொல்றா. இதுக்கு மேல இன்னா பாக்கணும்னு எனுக்குத் தெர்ல" என்றான். அவள் முகத்தைப் பார்க்காமலே டிக் அடிக்கிற தொழிலை நானும் அவனும் சேர்ந்துதான் செய்திருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமையிலிருந்து நான் ஒரு காரியம் செய்தேன். ஒரு மஞ்சள் கார்டை எடுத்து, மேலே கார்குழலி என்று எழுதி, செவ்வாய்க்கிழமைக் கட்டுக்குள் கடைசியாகச் சொருகினேன். டாக்டரம்மா பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. சுற்று முடிந்ததும் துரை ஆட்டோவை வியாசர்பாடிக்கு விடுவான். என் முட்டியோடு சண்டை போட்டு மூன்று மாடி ஏறுவேன். கதவைத் திறப்பாள்.

"தூங்கினியாடி?"

"தூங்கினேன்கா."

"சாப்ட்டியா?"

"சாப்ட்டேன்கா."

நாலு வருஷம் மற்றவர்களைக் கேட்டவளுக்கு எந்தப் பதில் சொன்னால் ஆளைச் சீக்கிரம் அனுப்பலாம் என்று தெரியாதா? மூன்று செவ்வாய் இப்படியே போனது. கண்ணுக்குக் கீழே கறுத்துக் கிடக்கிறது, கழுத்தெலும்பு தெரிகிறது, தூங்கினேன் சாப்பிட்டேன் என்கிறாள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. ஆனால் என்ன செய்ய? நானும் டிக் அடித்துவிட்டு இறங்கினேன்.

நாலாவது செவ்வாய், திருவொற்றியூரில் வேறொரு வீட்டை முடித்துவிட்டுத் திரும்பும்போது டீக்கடை முனையில் மலர்க்கொடி கையை நீட்டி ஆட்டோவை நிறுத்தினாள். பதினாறாம் நாள் முடிந்து கூடையைத் தூக்க ஆரம்பித்திருந்தாள். அவளும் ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டிருந்தாள், சின்ன மகன் கூடவே போய்வருகிறான் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். நெற்றி வெறுமையாக இருந்தது. கையில் ஒரு பையில் சங்கரா மீன்.

"சிஸ்டரு வூட்டுக்குத்தான போறீங்க? நவுரு" என்று சொல்லி ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

"யம்மோ, ஆட்டோல மீனு தண்ணி ஊத்தாத, அப்பால சவாரி எவன் ஏறுவான்?" என்றான் துரை.

"உன் ஆட்டோ சத்தத்துக்கே எவனும் ஏறமாட்டான். வண்டிய எடு நைனா."

வியாசர்பாடியில் மூன்றாவது மாடிக் கதவு நாங்கள் தட்டுவதற்கு முன்பே திறந்தது. கார்குழலி மலர்க்கொடியைப் பார்த்தாள். "வாங்க" என்றாள். குரலில் எந்த மாற்றமும் இல்லை. "டீ போடறேன்" என்று உள்ளே போனாள். ரொம்ப நேரம் ஆகியும் வரவில்லை. எட்டிப் பார்த்தால் அடுப்புக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். பாத்திரத்தில் தண்ணீர் தளதளவென்று கொதித்துப் பாதியாக வற்றியிருந்தது. டீத்தூள் டப்பா கையில் இருந்தது, மூடிகூடத் திறக்கவில்லை.

மலர்க்கொடி உள்ளே போய் அடுப்பை அணைத்தாள். தரையிலேயே உட்கார்ந்துகொண்டு, "குந்து சிஸ்டரு" என்றாள். கார்குழலி உட்கார்ந்தாள்.

"தூங்கினியா?"

"தூங்கினேன்."

"ஏய். பதினாலு மாசம் எனாண்ட கேட்டுகினு இருந்த நீ. ஒரு தபாவாச்சும் நான் உன்னாண்ட பொய் சொல்லிக்கீறேனா? தூங்கினியா?"

கீழே தெருவில் யாரோ தண்ணீர் லாரி வந்துவிட்டது என்று கத்தினார்கள். குடங்கள் இடிபடுகிற சத்தம் கேட்டது. கார்குழலி அந்த டீத்தூள் டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்ல."

"சாப்ட்டியா?"

"தெர்ல."

அவள் தலையைத் தூக்கினாள். மலர்க்கொடியின் முகத்தைப் பார்த்தாள், அந்த வெறும் நெற்றியைப் பார்த்தாள். இவ்வளவு நாளில் ஒருவர் முகத்தை அவள் அப்படிப் பார்த்து நான் கண்டதில்லை.

"அண்ணன் போய்ட்டாரு இல்ல?" என்றாள்.

"ஆமாமா. நீதான கூட இருந்த."

"நான்தான் இருந்தேன். என் கைய புடிச்சினு இருந்தாரு. போன அப்பறமும் வுடல. நான்தான் வெரலெல்லாம் ஒண்ணொண்ணா பிரிச்சி எடுத்தேன். எடுத்துட்டு டைம் எழுதினேன். அப்பால அடுத்த வூட்டுக்குப் போய்ட்டேன்."

இதை ஏன் அன்றைக்கே தன்னிடம் சொல்லவில்லை என்று மலர்க்கொடி கேட்கவில்லை. கையை நீட்டினாள். கழுவாத கை, மீன் செதில் ஒட்டியிருந்த கை. கார்குழலி அதைப் பிடித்துக்கொண்டாள். அப்போதும் அழவில்லை. பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், அவ்வளவுதான். அழுதுகொண்டிருந்தது நான்தான், வெட்கம் கெட்டு, மூக்கைச் சிந்திக்கொண்டு, அந்தச் சின்னப் பெண்கள் ஆட்டோவில் அழுவார்களே, அதே மாதிரி.

எனக்கு வேறு வேலை தெரியாததால் கார்டை எடுத்தேன். தூங்கினாரா என்ற இடத்தில் இல்லை என்று எழுதினேன். சாப்பிட்டாரா என்ற இடத்தில் ஆமாம், இல்லை என்று இரண்டு கட்டம்தான் இருந்தது. ஓரத்தில் 'தெரியவில்லை' என்று எழுதினேன்.

கீழே துரை ஹாரன் அடித்தான். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. நான் ஜன்னலுக்குப் போய்க் கம்பிக்கு வெளியே தலையை நீட்டினேன்.

"இருடா கஸ்மாலம்!" என்று கத்தினேன். "இதுக்கு மேல போறதுக்கு வூடு எதுவும் இல்ல!"